ரோஸ்மேரிக்குப் போட்ட பொன்னாடை

வடவள்ளி, கோவை
3-11-2008

தனபாலுக்கு,

உயிர் பிழைக்க ஓடிவந்த ஒருத்தி நம் வாசலில் நிற்கிறாள். உள்ளே விடுகிறோம். அதன்பிறகு அவள் நமக்கு எவ்வளவு கடமைப்பட்டவள்? ஒருமுறை நன்றி சொன்னால் போதுமா, அல்லது நாம் கூப்பிடும் இடத்துக்கெல்லாம் வந்து நின்று காட்ட வேண்டுமா? இத்தனை வருடமாகக் கல்லூரியில் அரசியல் விஞ்ஞானம் நடத்துகிறேன். எனக்குப் பதில் தெரியவில்லை. உனக்குத் தெரிந்துவிட்டது என்பதை நேற்றைய பேப்பரைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

நான்காம் பக்கத்தில் படம். பின்னால் உன் பனியன் கம்பெனி பேனர், ஓர் எழுத்துகூட மறையாமல். முன்னால் நீ, முகத்தில் துக்கம் அனுஷ்டிக்கும் பாவனை. உன் கையில் ஜரிகைக் கரை போட்ட பொன்னாடை. பொன்னாடைக்குள் ரோஸ்மேரி. அவள் கண் எதையோ தேடுகிறது. மேடையை விட்டு இறங்கும் படியைத் தேடியிருப்பாள்.

படத்துக்குக் கீழே அவள் பெயர், வயது, இலங்கை அகதி என்ற விவரம், எந்த முகாமிலிருந்து வந்தாள், வேலம்பாளையத்தில் யாருடைய லைன் வீட்டில் இருக்கிறாள் எல்லாம் இருக்கிறது. நிருபர்கள் இவ்வளவு உழைப்பவர்கள் இல்லை. நீதான் சொல்லியிருக்கிறாய்.

ஜூலையில் நடந்ததை ஞாபகப்படுத்துகிறேன். டெய்லர் கிடைக்கவில்லை என்று நீ புலம்பினாய். முகாமில் தையல் தெரிந்த பெண் ஒருத்தி வேலை தேடுகிறாள், புருஷன் கடலில் காணாமல் போனவன், கூட ஒரு பெண்குழந்தை என்று எங்கள் நூலகர் ஜானகியம்மாள் சொன்னார். இரண்டு தேவைகளையும் சேர்த்து வைத்தேன். அதில் கருணை ஒன்றும் இல்லை. ஆனால் ஒன்றைத் திருப்பித் திருப்பிச் சொன்னேன்: அவள் முகாமில் வாங்கி வந்த அனுமதி சில நாளைக்குத்தான். தலை எண்ணும் நாளில் ஆள் இல்லை என்றால் பெயரை அடித்துவிட்டுத் தேடத் தொடங்குவார்கள். அதனால் அவள் யார் என்று வெளியே தெரியக் கூடாது. "காதும் காதும் வெச்ச மாதிரி இருக்குங்க்கா" என்றாய்.

நேற்று போனில் இதைத்தான் கேட்டேன். பாதியில் வைத்துவிட்டாய். அதனால் எழுதுகிறேன். கடிதத்தைப் பாதியில் கீழே வைத்தாலும் மீதி அதிலேயே இருக்கும்.

தெய்வாத்தாள்


வேலம்பாளையம், திருப்பூர்
8-11-2008

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. இதையும் சிவப்பு மையில் திருத்தி மார்க் போடுவீர்கள் என்று தெரிந்தேதான் பதில் எழுதுகிறேன்.

அங்கே ஆஸ்பத்திரி மேல் குண்டு விழுவதை டிவியில் காட்டுகிறார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை. உங்களுக்கு இறங்கியிருக்கும். நீங்கள் எல்லாப் பக்கத்து நியாயத்தையும் படித்தவர். நாங்கள் படிக்காதவர்கள், அதனால் ரோட்டில் இறங்கிக் கைகோத்து நின்றோம். மனிதச் சங்கிலிக்கு வந்த அத்தனை பேருக்கும் பனியன் நான் கொடுத்தேன். கழிவுத் துணி இல்லை. ஜெர்மனி ஆர்டருக்கு வாங்கிய முதல் தரம். நெஞ்சில் "உங்கள் கண்ணீர் எங்கள் கண்ணீர்" என்று பிரிண்ட். எத்தனை தடவை துவைத்தாலும் சாயம் போகாது. எங்கள் பிரிண்டிங் மாஸ்டரிடம் அதை மட்டும் அழுத்திச் சொல்லியிருந்தேன்.

மேடை விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு முன்னால் பேசியவர் உங்களை மாதிரி. ஐ.நா. தீர்மானம், ஒப்பந்தம், வருஷம், தேதி என்று அடுக்கினார். கூட்டம் டீ குடிக்கப் போய்விட்டது. நான் ரோஸ்மேரியை மேடைக்குக் கூப்பிட்டேன். கூட்டம் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே திரும்பி வந்தது. "இவ யாரோ இல்லீங்க, என்ற கூடப் பொறந்தவ மாதிரி. நம்ம சொந்தமுங்க" என்றேன். மேடைக்கு வந்தவளை வெறுங்கையோடு அனுப்புவது மரியாதையா? நம் ஊரில் ஒருத்தரை மதிக்கிறோம் என்றால் பொன்னாடை போடாமல் வேறு எப்படிக் காட்டுவது? உங்களுக்கே போன வருஷம் காலேஜில் போட்டார்கள். வேண்டாம் என்று சொன்னீர்களா?

மைக்கைக் கொடுத்தோம். இரண்டு கையாலும் வாங்கிக் கூட்டத்தைப் பார்த்தாள். அப்புறம் "எல்லாரும் சாப்பிட்டாச்சோ?" என்று கேட்டாள். அவ்வளவுதான் அக்கா. என் மகள் நித்யஸ்ரீ தேம்பித் தேம்பி அழுதாள். கணக்கைத் தவிர வேறெதுவும் பேசாத நம் லிங்கசாமி மாமா கண்ணைத் துடைத்தார். அந்த இடத்தில் இருந்திருந்தால் நீங்கள்கூட அழுதிருப்பீர்கள். இல்லை, நீங்கள் அழுதிருக்க மாட்டீர்கள்.

கேட்கிறேன் என்று கோபிக்க வேண்டாம். அந்த முகாமுக்கு நீங்கள் ஒரு நாளாவது போயிருக்கிறீர்களா?

தனபால்


வடவள்ளி
15-11-2008

தனபாலுக்கு,

போனதில்லை. நாம் போனால் அவர்கள் எழுந்து நிற்பார்கள். பிறகு நாம் போகும்வரை உட்கார மாட்டார்கள். அது எனக்குப் பிடிக்காது. இதை நீ சோம்பேறித்தனம் என்று எடுத்துக்கொண்டாலும் மறுக்க மாட்டேன்.

நேற்று ரோஸ்மேரி காயின் போனிலிருந்து பேசினாள். உன்னிடம் சொல்லியிருப்பாள். உன்னிடம் சொன்னது உன் காதில் விழுந்ததா என்று தெரியாததால் அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அம்மா, ரெண்டு பேர் வந்து விசாரிச்சவை. காக்கி உடுப்பு போடாத பொலிஸ். பேப்பரைக் கையில வச்சிருந்தவை. படத்தைக் காட்டி, இது நீதானே எண்டு கேட்டவை. நான் ஓம் எண்டு சொல்லிப்போட்டன். இல்லை எண்டு சொல்லியிருக்க வேணுமோ அம்மா?"

"சாப்பிட்டாயா?" என்று கேட்டேன். உன் கூட்டம் அங்கே இருந்திருந்தால் இதற்கும் அழுதிருக்கும்.

வந்தவர்கள் சொன்னது இது. இந்த மாதக் கடைசிக்குள் அவள் போய்விட வேண்டும். தலை எண்ணும்போது தொடர்ந்து இல்லாததால் பழைய முகாமில் அவள் பெயர் இல்லை. இனி அனுப்பினால் கதவு பூட்டிய முகாமுக்குத்தான் அனுப்புவார்கள். உள்ளே போனவர்கள் எப்போது வெளியே வருவார்கள் என்று அவளுக்குத் தெரிந்த யாருக்கும் தெரியாது. மகளை என்ன செய்வார்கள் என்று கேட்டாயா என்றேன். கேட்கவில்லையாம். கேட்டால் பதில் சொல்லிவிடுவார்களே என்று பயமாம்.

அந்தக் குழந்தை வேலம்பாளையம் பள்ளியில் நான்காம் வகுப்பில் உட்கார்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. முதல் நாள் அது பேசியதைக் கேட்டு வகுப்பே சிரித்ததாம். இப்போது ரோஸ்மேரியையே "அம்மா, வாங்க போங்க" என்று உங்கள் ஊர்ப் பேச்சில் கூப்பிட்டுப் பழகுகிறதாம்.

ஆகவே நேராகவே கேட்கிறேன். கூடப் பிறந்தவள் மாதிரி என்று மைக்கில் சொன்ன நீ, மைக் இல்லாத ஸ்டேஷனுக்குப் போய் "இவள் என் பொறுப்பு" என்று எழுதிக் கொடுப்பாயா?

தெய்வாத்தாள்

பி.கு.: ஜெர்மனி ஆர்டர் செப்டம்பரிலேயே ரத்தாகிவிட்டது என்று உன் மனைவி எப்போதோ சொன்னாள். முதல் தரத் துணிதான். வாங்க ஆளில்லாத முதல் தரம்.


வேலம்பாளையம்
30-11-2008

அக்காவுக்கு,

பதில் தாமதம். அதையும் குறித்து வைத்திருப்பீர்கள்.

ஸ்டேஷனுக்குப் போனேன். நீங்கள் நம்ப மாட்டீர்கள், ஆனால் போனேன். இன்ஸ்பெக்டர் நாற்காலி போட்டு உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தார். "ஏனுங் சார், நீங்க மேடையில பேசுனது நெம்ப நல்லா இருந்துச்சுங்க. எங்கூட்ல கூட பேப்பரப் படிச்சுட்டு கண்ணு கலங்கீட்டாங்க. ஆனா பேசறது வேறீங்க, ஆள வெச்சுக்கறது வேறீங்க. நாளைக்கு ஒண்ணுன்னா நாங்க உங்க கம்பெனி கேட்டுக்குத்தானுங்க வருவோம்" என்றார். பேனாவைக்கூட என் பக்கம் தள்ளி வைத்தார். நான் எழுதிக் கொடுக்கவில்லை.

ஏன் என்று சொல்கிறேன். சொன்ன பிறகு சிரியுங்கள். அமெரிக்கா ஆர்டர் பாதியாகிவிட்டது. நாளில் பாதி நேரம் கரண்ட் இல்லை. இருக்கிற ஆர்டரும் கம்பெனியைச் சுற்றிப் பார்க்க வரும் அவர்கள் ஆள் "ஓகே" சொன்னால்தான். உள்ளே போலீஸ் கேஸ் இருக்கிறது என்று தெரிந்தால் அன்றைக்கே பெட்டியைக் கட்டுவான். முன்னூறு பேர் என்னை நம்பி இருக்கிறார்கள். இப்போது மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு வெளியூர் ஆட்கள் யார் யார் என்று ஒவ்வொரு லைன் வீடாகக் கேட்டுக்கொண்டு வருகிறார்கள்.

இன்னொன்று. அவள் பக்கத்து ரூமில் காசிமாயன் இருக்கிறான், உசிலம்பட்டிக்காரன். ஒரே ரூமில் ஐந்து பேர். போலீஸ் வந்து போன மறுநாள் ஆபீசுக்கே வந்துவிட்டான். "மொதலாளி, நானும் மழ தண்ணி இல்லாம ஊர விட்டு ஓடியாந்தவன்தேன். எனக்கு எவன் சால்வ போத்துனான்? ரெண்டு கொடம் தண்ணிக்கு எம் பொண்டாட்டி விடியமுன்ன எந்திரிச்சு நிக்கிறா. இப்ப இந்தப் பிள்ளையால போலீசு எங்க ரூமையும் வந்து கெளறுறான். இவ பாவம்னா நாங்க என்னவாம்?" என்றான். இதற்கு உங்கள் புத்தகத்தில் பதில் இருந்தால் எழுதி அனுப்புங்கள், நான் அவனுக்குப் படித்துக் காட்டுகிறேன்.

இன்ஸ்பெக்டரிடம் ஒரு வாரம் தவணை வாங்கியிருக்கிறேன். அவரே ஒரு வழியும் சொன்னார். படித்த, பொறுப்பான ஆள் யாராவது தன் வீட்டில் வைத்துக்கொண்டு அந்த ஏரியா ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தால், வெளியில் தங்க அனுமதி கேட்டு மனு அனுப்பலாமாம். பதில் வரும்வரை தொந்தரவு செய்ய மாட்டார்களாம். "காலேஜ் புரபசர் மாதிரி யாராச்சும் இருந்தா நல்லதுங்க" என்றார். நான் உங்கள் பெயரைச் சொல்லவில்லை. அவராகத்தான் சொன்னார்.

உங்களுக்கு மூன்று ரூம் வீடு. இருப்பது நீங்கள் ஒரு ஆள். மீதி இரண்டு ரூமில் புத்தகம் தூங்குகிறது. நீங்கள் எழுதிக் கொடுப்பீர்களா?

தனபால்


வடவள்ளி
3-12-2008

தனபாலுக்கு,

உன் கடிதத்தில் நியாயமாகப் பேசியிருப்பவன் ஒருவன்தான். காசிமாயன். வயிற்றுக்காக ஓடிவந்தவன், உயிருக்காக ஓடிவந்தவள் என்று வகுப்பில் கோடு போட்டுப் பிரித்துச் சொல்லிக் கொடுக்கிறேன். அந்தக் கோட்டை இரண்டு குடம் தண்ணீருக்கு நடுவே போட எனக்குத் தெரியாது. அவனிடம் அப்படியே சொல்.

இரண்டு நாளாக என் காரணங்களை வரிசைப்படுத்திப் பார்த்தேன். அடுத்த ஜூனில் துறைத் தலைவர் பதவி எனக்கு வர வேண்டும், போலீஸ் விவகாரம் என்றால் கல்லூரி நிர்வாகம் முகம் சுளிக்கும். இந்தத் தெருவில் எல்லோருக்கும் எல்லாம் தெரிய வேண்டும். நான் தனியாக இருந்தே பழகியவள். என் குளியலறையில் வேறொருத்தியின் சோப்பு ஈரமாக இருப்பதை நினைத்தால் எனக்கு ஒரு மாதிரி இருக்கிறது. இதுதான் கடைசிக் காரணம். மற்றவற்றைவிட உண்மையானதும் இதுதான்.

உன்னுடைய காரணங்களை ஏளனம் செய்யலாம் என்றுதான் உட்கார்ந்தேன். முடியவில்லை. உன் காரணங்களில் முன்னூறு பேராவது இருக்கிறார்கள். என்னுடையதில் ஒரு சோப்பு இருக்கிறது.

அனுப்பு. எழுதிக் கொடுக்கிறேன். காரில் வேண்டாம், பஸ் ஏற்றிவிடு. உன் கம்பெனிப் பெயர் ஒட்டிய கார் என் வாசலில் நிற்க வேண்டாம். போட்டோ எடுக்க ஆள் வரவே வேண்டாம்.

தெய்வாத்தாள்


வேலம்பாளையம்
5-12-2008

அக்காவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை காலை அனுப்புகிறேன். காரில்தான். மூட்டை முடிச்சோடு ஒரு குழந்தையையும் வைத்துக்கொண்டு அவள் பஸ் ஏற முடியாது. ஸ்டிக்கரைக் கிழித்துவிடச் சொல்கிறேன். போதுமா?

மூட்டை கட்டிக் கொடுப்பது யார் தெரியுமா? காசிமாயன். அவன் பெண்டாட்டி அரிசியும் ஊறுகாயும் முடிந்து வைத்திருக்கிறாளாம். இவளால்தான் தொந்தரவு என்று சண்டைக்கு வந்தவனும் அவன்தான், இப்போது குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு திரிகிறவனும் அவன்தான். எனக்கு மனுஷர்கள் புரியவில்லை. அவள் ரூமுக்குப் பீகார் பையன்கள் அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது. திங்கட்கிழமை வருகிறார்கள்.

மிச்சமான பனியனில் ஒரு கட்டு காரில் வைக்கிறேன். அணிய வேண்டாம் என்றால் துடைக்கவாவது ஆகும்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அக்கம்பக்கத்தில் யாராவது "இவ யாரு" என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? நான் சொந்தம் என்று சொன்னேன். அதற்குத் தகுந்த மாதிரி நடக்கவில்லை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஊரே கேட்க மைக்கில் சொன்னேன். நீங்கள் என்ன சொல்லப் போகிறீர்கள்?

தனபால்


வடவள்ளி
7-12-2008, ஞாயிறு

தனபாலுக்கு,

வந்து சேர்ந்தார்கள். ஸ்டிக்கரைப் பாதிதான் கிழித்திருந்தாய். மீதிப் பாதியில் உன் பெயர் இருந்தது.

ரோஸ்மேரி செருப்பைக் கேட்டுக்கு வெளியிலேயே கழற்றினாள். உள்ளே கொண்டுவரச் சொன்னேன். கையில் எடுத்துக்கொண்டு முன்வாசல் வழியாக வந்தாள். பின்னறையில் இருந்த புத்தகங்களை நகர்த்திக் கட்டில் போட்டிருந்தேன். குழந்தை அலமாரியை அண்ணாந்து பார்த்து, "இதெல்லாம் ஆர் படிக்கிறது?" என்றது. நான்தான் என்றேன். "எல்லாத்தையுமோ?" என்றது. இதுவரை யாரும் என்னை இவ்வளவு நேராகச் சந்தேகப்பட்டதில்லை. எனக்கு அவளைப் பிடித்துவிட்டது.

மதியம் ரோஸ்மேரி தேங்காய்ப்பால் விட்டு ஒரு குழம்பு வைத்தாள். நான் தடுத்தேன். "சும்மா இருக்க ஏலாது அம்மா" என்றாள். சாப்பிடும்போது மட்டும் தரையில் உட்காரப் போனாள். விடவில்லை. மூவரும் மேஜையில் சாப்பிட்டோம். குழந்தை நாற்காலியில் கால் எட்டாமல் ஆட்டிக்கொண்டே இருந்தது.

நீ கேட்டதற்குப் பதில். யார் கேட்டாலும் உண்மையைச் சொல்வேன். இவள் மன்னாரிலிருந்து வந்த அகதி. என் வீட்டில் தங்கியிருக்கிறாள். என் பொறுப்பு. மூன்று வாக்கியம். இதற்கு மேடையும் வேண்டாம், பேனரும் வேண்டாம், ஜரிகையும் வேண்டாம். கல்லூரிக்கு விடுப்புச் சொல்லிவிட்டேன். நாளை ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் இதைத் தபாலில் போடுகிறேன்.

தெய்வாத்தாள்


8-12-2008, திங்கள்

தபாலில் போடவில்லை. நடந்ததையும் எழுதிச் சேர்த்து அனுப்புகிறேன்.

காலையில் கேட்டருகே பால் வாங்கிக்கொண்டிருந்தேன். ரோஸ்மேரி பாத்திரத்தோடு எனக்குப் பின்னால் நின்றாள். எதிர்வீட்டு முத்தாத்தாள் கோலப்பொடி டப்பாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஏனுங் மேடம், யாருங்க இது? புதுசா இருக்குது?"

மூன்று வாக்கியங்களும் வாயில்தான் இருந்தன.

"வேலைக்கு வந்திருக்காங்க" என்றேன்.

"அட, நல்லதாப் போச்சுங்க. எந்த ஊருங்க?"

"ராமநாதபுரம் பக்கம்."

"எங்கூட்டுக்கும் காத்தால ஒரு மணி நேரம் வந்து போகச் சொல்லுங்க. எங்க ஆளு தீவாளிக்கு ஊருக்குப் போனவ வரவே இல்லீங்க. வர்றியா கண்ணு?"

யாரும் என்னை மிரட்டவில்லை. என்னிடம் கம்பெனி இல்லை, முன்னூறு பேர் இல்லை. கேட்டது கோலம் போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண்மணி.

ரோஸ்மேரி என்னைப் பார்க்கவில்லை. "வாறன் அம்மா" என்று முத்தாத்தாளிடம் சொன்னாள். பாலை வாங்கிக்கொண்டாள். முன்வாசல் பக்கம் திரும்பாமல், வீட்டைச் சுற்றிப் பின்பக்கமாக உள்ளே போனாள்.

சமையலறையிலிருந்து குழந்தையின் குரல் கேட்டது.

"அம்மா, நாங்கள் வேலைக்கோ இஞ்ச வந்தனாங்கள்?"

"ஓம். சத்தம் போடாதை."

பிறகு ஸ்டேஷனுக்குப் போனேன். எழுதிக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டேன். அவள் பெயர், முகாம் எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னேன். என்ன முறையில் உங்கள் வீட்டில் இருக்கிறார் என்று எழுத்தர் கேட்டார். வீட்டு வேலை என்றேன். தெருவில் ஒன்றும் ஸ்டேஷனில் ஒன்றும் இருந்தால் சந்தேகம் வரும் என்று எனக்கு நானே விளக்கிக்கொண்டேன். அவர் எழுதிக்கொண்டார். மனு மேலே போகிறது. பதில் வரும்வரை அவளும் குழந்தையும் இங்கே இருக்கலாம்.

மதியம் மேஜையில் ஒரு தட்டுதான் வைத்திருந்தாள். மற்ற இரண்டு தட்டுகளும் அடுப்படியில் தரையில் இருந்தன. நான் மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

வாசற்படியைத் துடைத்திருக்கிறாள். துடைத்த துணியை அலசிப் பின்பக்கக் கொடியில் காயப் போட்டிருக்கிறாள். உன் பனியன். எழுத்து அப்படியே இருக்கிறது. சாயம் கொஞ்சமும் போகவில்லை.

தெய்வாத்தாள்